தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றியவர்கள்

லண்டன் கியூ தோட்டத்தில் பனை வீடு என்று ஒரு பெரிய கண்ணாடி மாளிகை. அதற்குள் ஒரு தொட்டியில், முட்டுக் கொடுத்த நிலையில் சாய்ந்து நிற்கிறது ஒரு கிழட்டுச் செடி. நம் ஊர்ப் பூங்காக்களில் வட்டமாக ஓலை விரித்து நிற்கும் சைக்கஸ் இருக்கிறதே, அதன் தூரத்துச் சொந்தம். 1775இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது. தரையில் வேர்விடக் கொடுத்துவைக்காமல், தொட்டி மாற்றித் தொட்டி மாற்றியே இருநூற்றைம்பது வருஷம் பிழைத்துக் கிடக்கிறது. உலகத்திலேயே பழைய தொட்டிச்செடி இதுதான் என்பார்கள். இப்போது எடை ஒரு டன்னுக்கு மேல்.

கொண்டுவந்தவர் பிரான்சிஸ் மாசன். கியூவில் உதவித் தோட்டக்காரராக இருந்தவர். 1772இல் அவரைக் கப்பலேற்றி அனுப்பினார்கள். செடி தேடுவதற்கென்றே கியூ வெளியே அனுப்பிய முதல் ஆள் அவர்தான். அவர் போய்ச் சேர்ந்தும் இருநூறு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. செடி இருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற ஆள்தான் மாறிக்கொண்டே இருக்கிறார். இந்தக் கட்டுரை அந்த ஆளைப் பற்றியது.

விக்டோரியா ராணி காலத்தில் அந்த ஆள் எப்படித் தயாரானார்? பதினான்கு பதினைந்து வயதில் ஏதாவது பிரபுவின் பண்ணைத் தோட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். வேலை கற்றுக்கொடுப்பதற்காகத் தலைமைத் தோட்டக்காரருக்குப் பையனின் அப்பாவே பணம் கட்டுவதும் உண்டு. பையன் முதலில் கற்பது செடி இல்லை, தொட்டி. நூற்றுக்கணக்கான மண்தொட்டிகளைப் பாசி போகத் தேய்த்துக் கழுவி அடுக்க வேண்டும். பிறகு களை, பிறகு கொத்து. ஒரு மண்வெட்டி ஆழம் போதாது. மேல்மண்ணைத் தள்ளிவைத்துவிட்டு அதற்கும் கீழே இன்னொரு மண்வெட்டி ஆழம் கொத்த வேண்டும். முதுகு ஒடிகிற வேலை. இப்படிச் சில வருஷம் உழைத்து, நல்ல பெயர் எடுத்து, கையில் ஒரு சிபாரிசுக் கடிதத்தோடு வருகிறவனுக்குத்தான் கியூவின் கதவு திறக்கும். அதாவது பயிற்சிக்கு வருகிறவன் ஏற்கெனவே தொழில் தெரிந்தவன்.

அப்படியானால் கியூவில் என்ன புதிதாகக் கற்றான்? பகல் முழுக்க வேலை. சாயங்காலம் பாடம். 1841இல் அரண்மனைத் தோட்டம் என்ற நிலை மாறி அரசின் தாவரவியல் தோட்டமான கியூவில், 1859இலிருந்து இளம் தோட்டக்காரர்களுக்கு மாலை விரிவுரைகள் நடந்தன. கால் கடுக்க நின்றுவிட்டு வந்தவன் பெஞ்சில் உட்கார்ந்து இலையின் உள்கட்டமைப்பைப் பற்றிக் கேட்க வேண்டும். 1871இல் அவர்களே சேர்ந்து ஒரு பரஸ்பர முன்னேற்றச் சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஒருவன் கட்டுரை வாசிப்பான், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். அந்தச் சங்கத்தின் கூட்டங்கள் இன்றைக்கும் நடக்கின்றன.

அந்தக் காலத்துக் கைப்பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கண்ணாடி வீட்டில் வரிசை வரிசையாக மண்தொட்டிகள். எதற்குத் தண்ணீர் வேண்டும், எதற்கு வேண்டாம்? மேல்மண்ணைப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதனால் கையில் ஒரு குச்சி வைத்திருப்பார்கள். நுனியில் சின்னதாக ஒரு மரக்கட்டை. நடந்துகொண்டே ஒவ்வொரு தொட்டியையும் ஒரு தட்டு. ‘டங்’ என்று கணீரென ஒலித்தால் உள்ளே காய்ந்துவிட்டது. ‘தொம்’ என்று அடங்கினால் ஈரம் இருக்கிறது, விட்டுவிடலாம். நம் சந்தையில் பானை வாங்குகிறவர் விரல் முட்டியால் தட்டிக் காதைக் கொடுப்பாரே, அதே வித்தைதான். அவர் விரிசலைத் தேடுகிறார், இவர் தாகத்தைத் தேடுகிறார். பிளாஸ்டிக் தொட்டி வந்ததும் இந்தச் சங்கீதம் செத்துப்போனது. பிளாஸ்டிக் எதற்கும் ஒரே குரல்தான் கொடுக்கும். இன்றைய பயிற்சியாளர் தொட்டியைத் தூக்கிக் கனம் பார்க்கிறார், விரலை விட்டுப் பார்க்கிறார். அதுவும் நல்ல முறைதான். ஆனாலும் காது சும்மா இருக்கிறது.

மாறாதது ஒன்று உண்டு, பெயர்த் தேர்வு. மேஜையில் வரிசையாகக் கிளைகளை ஒடித்து வைத்திருப்பார்கள். சீட்டு இருக்காது. குடும்பம், பேரினம், சிற்றினம் என்று மூன்றையும் லத்தீனில் எழுத்துப் பிசகாமல் எழுத வேண்டும். எழுத்து தப்பினால் மதிப்பெண் போகும். இன்று கியூவில் பயில்கிறவர்களும் இதைத்தான் நினைத்துப் பயப்படுகிறார்கள். பூத்து நிற்கும்போது பெயர் சொல்வது பெரிய காரியமில்லை. பனிக்காலத்தில், இலையெல்லாம் கொட்டிய மொட்டைக் குச்சியைக் காட்டி இது என்ன என்று கேட்பார்களே, அங்கேதான் சோதனை. மொட்டின் நிறம், பட்டையில் இருக்கும் புள்ளி, கிள்ளினால் வரும் வாசனை இவற்றை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த லத்தீனுக்குள் ஒரு சமூகக் கணக்கும் இருந்தது. லத்தீன் அன்று கனவான்களின் பாஷை. பாதிரிமாரும் டாக்டர்களும் படித்தது. மண் கொத்தும் வீட்டுப் பையனுக்கு அந்த மொழி கிடைத்த ஒரே வாசல் செடிதான். ஆனால் அந்த வாசலுக்குள் ஒரு கோடு போட்டிருந்தார்கள். பெயரைப் படிக்கலாம், எழுதலாம், பலகையில் தீட்டி நடலாம். பெயர் வைக்கிற வேலை மட்டும் கையில் அழுக்குப் படாதவர்களுடையது. 1837இல் அமேசானின் ராட்சத அல்லிக்கு ராணியின் பெயரை வைத்தவர் ஜான் லிண்ட்லி என்ற தாவரவியல் பேராசிரியர். உயிருள்ள செடியை வளர்த்து இங்கிலாந்தில் முதன்முதலாகப் பூக்கவைத்தவர், 1849இல், சாட்ஸ்வொர்த் பண்ணையின் தலைமைத் தோட்டக்காரர் ஜோசப் பாக்ஸ்டன். கன்று கியூ கொடுத்தது. கியூவிலேயே அதுவரை பூக்காத அல்லி பாக்ஸ்டனிடம் பூத்தது. அந்த இலை எவ்வளவு கனம் தாங்கும் என்று காட்ட, தன் சின்ன மகளையே அதன்மேல் நிற்கவைத்தார் மனிதர். இந்த அல்லியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

கியூவில் தேறியவன் எங்கே போனான்? உலகம் முழுக்கப் போனான். இங்கேதான் அந்தப் பயிற்சியின் உண்மையான நோக்கம் தெரிகிறது. ஊட்டி பொட்டானிக்கல் கார்டனுக்கு மே மாதம் மலர்க்காட்சிக்குப் போய் நெரிசலில் நின்றவர்கள் எல்லோரும் கியூவில் வேலை பார்த்த ஒருவர் போட்ட திட்டத்தின்மேல்தான் நின்றார்கள். வில்லியம் கிரஹாம் மக்ஐவர் 1848இல் ஊட்டிக்கு வந்தார். தொட்டபெட்டா அடிவாரத்துச் சரிவைப் படிப்படியாகத் தட்டிப் பூங்காவாக்கினார். பிறகு மலேரியாவுக்கான கொயினா மருந்து எடுக்கும் சின்கோனா மரத்தை நீலகிரியில் வளர்க்கும் பொறுப்பும் அவரிடமே வந்தது. பட்டையில்தான் மருந்து, பட்டையை உரித்தால் மரம் சாகும். மக்ஐவர் என்ன செய்தார் தெரியுமா? பட்டையை நீளவாக்கில் பட்டை பட்டையாக, இடைவெளி விட்டு உரித்தார். உரித்த இடத்தை ஈரப்பாசியால் மூடிக் கட்டினார். பாசிக்கு அடியில் புதுப்பட்டை வளர்ந்தது. மருந்துச் சத்தும் குறையவில்லை. காயத்துக்குக் கட்டுப் போட்டு மறுபடி காயப்படுத்துகிற முறை என்றும் இதைச் சொல்லலாம். ஆனாலும் மரத்தோடு பழகிய கைக்குத்தான் இப்படித் தோன்றும்.

ரப்பர் கதை இன்னும் நமக்கு நெருக்கமானது. 1876 ஜூனில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த எழுபதாயிரம் விதைகளைக் கியூ ஆட்கள் விதைத்தார்கள். முளைத்தவை 2,700 சொச்சம்தான். அவற்றில் ஏறத்தாழ 1,900 கன்றுகள் அதே வருஷம் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. அடுத்த வருஷம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. மலாயாவின் பால்மரக் காடுகளுக்கு விதைமூலம் அங்கே. விடியற்காலையில் தலையில் விளக்குக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போன நம் ஆட்களின் தலையெழுத்தில் கியூவின் நாற்றங்காலுக்கும் ஒரு பங்கு உண்டு. பிரேசிலின் ரப்பர் வியாபாரம் பின்னால் படுத்துப்போனதும் இதனால்தான். ஒரு பயிற்சித் தோட்டக்காரன் பதமாக நீர் தெளித்துக் காப்பாற்றிய நாற்று ஒரு நாட்டை மேலே தூக்கி இன்னொன்றைக் கீழே இறக்கும். தெளித்தவனுக்கு வாரக்கூலிதான்.

பெங்களூர் லால்பாக்கிலும் இதே வரிசை. 1874இலிருந்து ஜான் கேமரன், அவருக்குப் பின் 1908இல் ஜெர்மானியர் கிரும்பிகல், இருவருமே கியூவில் வேலை பார்த்தவர்கள். இவர்கள் வருவதற்கு நூறு வருஷம் முன்பே, ஹைதர் அலி காலத்திலிருந்தே, அந்த ஊரின் தோட்டத்தொழில் திகளர்களின் கையில் இருந்தது. தமிழ் மண்ணோடு பூர்வீகத் தொடர்புள்ள சமூகம். அவர்களிடம் பதியமும் ஒட்டும் பாத்தியும் அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்த வித்தை. தேர்வு கிடையாது, ஆகவே சான்றிதழும் கிடையாது, ஆகவே கண்காணிப்பாளர் பதவியும் கிடையாது. பயிற்சி என்ற சொல்லுக்கு அன்றிருந்த எல்லை அவ்வளவுதான்.

எல்லை கியூவுக்குள்ளும் இருந்தது. 1896இல் முதன்முதலாக இரண்டு பெண்களைத் தோட்டக்காரர்களாக எடுத்தார்கள். ஆனி கல்வின், ஆலிஸ் ஹட்சிங்ஸ். இருவரும் கென்ட் மாவட்டத்தின் ஸ்வான்லி தோட்டக்கலைக் கல்லூரியில் படித்துத் தேறியவர்கள். இயக்குநராக இருந்த திசில்டன்-டயர் கண்டிப்பான மனிதர். தோட்டத்துக் காவலர்களுக்குத் தானே இன்ஸ்பெக்டராகி, சீருடையும் மாட்டிக்கொண்டு உலாவியவர். பெண்கள் பாவாடை கட்டி வந்தால் பையன்களின் கவனம் சிதறும் என்று கவலை. அதனால் ஆண்களைப் போலவே உடுக்கச் சொன்னார்கள். முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டும் பழுப்புக் கால்சட்டை, கம்பளிக் காலுறை, மேல்சட்டை, தொப்பி. விளைவு தலைகீழாகப் போனது. கால்சட்டை போட்ட பெண்களைப் பார்க்கவே லண்டனிலிருந்து கூட்டம் வந்தது. பத்திரிகைகள் கேலிப்பாட்டு எழுதின. வேலைக்கு வரும்போதும் போகும்போதும் மேலே நீள மழைக்கோட்டைப் போட்டு மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. கவனம் சிதறக்கூடாது என்று போட்ட உடுப்பு ஊரையே திரட்டிவிட்டது! சில வருஷத்தில் பெண்களை எடுப்பது நின்றது. முதல் உலகப்போரில் ஆண்கள் போர்முனைக்குப் போனதும் மறுபடி கூப்பிட்டார்கள்; போர் முடிந்ததும் அனுப்பினார்கள். இரண்டாம் போரிலும் அதே கதை. நெருக்கடி வந்தால் மட்டும் நினைவுக்கு வருகிற கைகள். இன்று கியூவின் பயிற்சி வகுப்பில் ஒரு பெண் மரம் அறுக்கும் ரம்பத்தைத் தூக்கிக்கொண்டு கயிற்றில் ஏறினால் யாரும் நின்று பார்ப்பதில்லை. முன்னேற்றத்துக்கு அளவுகோல் வேண்டுமென்றால் நான் இதைத்தான் எடுப்பேன்: யாரும் நின்று பார்ப்பதில்லை.

பாடத்திட்டம் மாறியது. 1960களில் மூன்று வருஷ டிப்ளமா வந்தது. மண்ணியல், மரபியல், நிலவடிவமைப்பு, ஆள் நிர்வாகம் என்று வகுப்புகள் பகலுக்கே வந்துவிட்டன. இதையெல்லாம் விரித்துச் சொன்னால் விளம்பரக் கையேடு ஆகிவிடும். உண்மையான பாடம் ஒன்று, பாடத்திட்டத்தில் இல்லாமலேயே ஒரு ராத்திரியில் நடந்தது.

1987 அக்டோபர் 16 விடியலில் தென் இங்கிலாந்தைப் புயல் அடித்தது. கியூவில் மட்டும் எழுநூறு மரங்கள் போயின. டர்னர் ஓக் என்று ஒரு மரம், 1798இல் நட்டது, புயலுக்கு முன்பே சில வருஷமாக நலிந்துகொண்டிருந்தது. காற்று அதை வேரோடு தூக்கி, அதே குழியில் திரும்ப உட்காரவைத்துவிட்டது. விழுந்த மரங்களை அறுத்து அகற்றுவதே பெரிய பாடாக இருந்ததால், இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். மூன்று வருஷம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், மரம் தழைத்து நிற்கிறது! இத்தனை வருஷத்தில் இல்லாத வளர்ச்சி. என்ன நடந்தது? இருநூறு வருஷமாக லட்சக்கணக்கான கால்கள் நிழலுக்கு வந்து வந்து மிதித்ததில் மண் இறுகிப்போயிருந்தது. வேருக்கு மூச்சில்லை. புயல் தூக்கிப் போட்டதில் மண் பொலபொலத்தது. கியூவிலேயே டிப்ளமா படித்து மரப்பகுதிக்குத் தலைவரான டோனி கிர்க்கம் இதைப் பிடித்துக்கொண்டார். புயல் செய்ததைக் குழாய் வழியே அழுத்தக்காற்றை மண்ணுக்குள் செலுத்திச் செய்யலாம் என்று ஆரம்பித்தார்கள். இன்று கியூவில் பெரிய மரங்களைச் சுற்றிப் புல்லை எடுத்துவிட்டு அகலமாக மூடாக்குப் போட்டிருப்பதைப் பார்க்கலாம். மனிதர்களைத் தள்ளி நிறுத்தத்தான் அந்த வட்டம்.

மரக்கன்றுக்குக் குழி தோண்டுவதிலும் ஒரு மாற்றம். வட்டக்குழி கூடாது, சதுரக்குழி தோண்டு என்பது கிர்க்கத்தின் பாடம். வட்டக்குழியில் வேர் சுவரைத் தொட்டதும் வளைந்து வளைந்து தன்னையே சுற்றும். சதுரத்தின் மூலையில் முட்டினால் உடைத்துக்கொண்டு வெளியே போகும். நம் தென்னம்பிள்ளைக்குக் கனசதுரமாகத்தானே குழி எடுக்கிறோம் என்று கேட்கத் தோன்றும். ஆமாம். சில பாடங்கள் சுற்றிக்கொண்டு வருகின்றன. அன்று இரண்டு மண்வெட்டி ஆழம் கொத்தவைத்த தொழில், இன்று முடிந்தவரை கொத்தாதே, மண்ணைக் கலைக்காதே என்கிறது. தொட்டிக் கலவைக்குச் சதுப்புநிலத்துக் கரிமண்ணை அள்ளிக்கொண்டிருந்தவர்கள் அதை விட்டுவிட்டு, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வரும் தென்னை நார்க்கழிவுக்கு மாறுகிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் ரோட்டோரம் குவித்துக் கிடக்குமே, அதேதான்.

இனி அந்த அல்லிக்கு வருவோம், ஒரு குட்டி அல்லி வழியாக. கார்லோஸ் மக்டலீனா ஸ்பெயினின் அஸ்துரியாஸ் பகுதிக்காரர். இங்கிலாந்துக்கு வந்து ஹோட்டல் வேலை பார்த்தவர், கியூவில் நுழைந்து டிப்ளமா முடித்தார். ருவாண்டாவில் ஒரு வெந்நீர் ஊற்றோரம் மட்டுமே இருந்த குட்டி அல்லி அங்கே அழிந்துவிட்டதாகக் கருதப்பட்டது; இலை ஒரு சென்டிமீட்டர் அளவில்கூட இருக்கும், அல்லிகளிலேயே சின்னது. விதை முளைக்கும், ஆனால் தண்ணீருக்கடியில் நாற்று செத்துவிடும். அல்லி என்றால் தண்ணீருக்குள்தானே வளர்ப்பார்கள்? மக்டலீனா அந்தப் பழக்கத்தை விட்டார். நாற்றை நீர்மட்டத்தோடு ஒட்டிய சேற்றில், காற்று படும்படி வைத்தார். அதற்கு வேண்டிய கரியமில வாயு காற்றிலிருந்து கிடைத்தது. பிழைத்தது, பூத்தது. 2014 ஜனவரியில் அதில் ஒன்றைக் கியூவின் கண்ணாடி வீட்டிலிருந்தே யாரோ கிள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். செடித் திருட்டுக்குப் போலீஸ் புகார்! விக்கம் விதை கொண்டுவந்தபோது கைதட்டிய ஊர் அது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இன்றைய பயிற்சியாளருக்கு விதையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வரும் சுதந்திரம் இல்லை. எந்த நாட்டு விதையானாலும் அந்த நாட்டின் அனுமதி, பலனில் பங்கு பற்றிய ஒப்பந்தம், நோய் இல்லை என்ற சான்று, வந்தபின் தனிமைப்படுத்தல். 1992 உயிரினப் பன்மை உடன்படிக்கையும் 2010 நகோயா நெறிமுறையும் அவர்களுக்கு மண்ணியல் போலவே படிக்க வேண்டிய விஷயம். காகிதவேலை அதிகம்தான். மாசனும் மக்ஐவரும் பார்த்திருந்தால் தலையில் கைவைத்திருப்பார்கள்.

மக்டலீனா 2006இல் இணையத்தில் ஒரு படம் பார்த்தார். ராட்சத அல்லி, ஆனால் அதுவரை அறிந்த இரண்டு இனங்களும் இல்லை என்று அவருக்குச் சந்தேகம். வருஷக்கணக்காக அந்த இலைகளோடு புழங்கிய கண். 2016இல் பொலிவியாவின் இரண்டு தோட்டங்கள் முறைப்படி விதை கொடுத்தன. கியூவில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தார். முள்ளும் விதையும் வேறு. இரவில் பூக்கும் அந்தப் பூவை வரைய ஓவியர் லூசி ஸ்மித் இரவில் கண்ணாடி வீட்டில் உட்கார்ந்தார். மரபணு ஆய்வாளர்கள் சேர்ந்துகொண்டார்கள். 2022இல் அறிவித்தார்கள்: மூன்றாவது இனம், விக்டோரியா பொலிவியானா. இலை மூன்று மீட்டருக்கும் மேல் விரியும். உலகின் மிகப்பெரிய அல்லி. இதில் வேடிக்கை, அதன் உலர்ந்த மாதிரி கியூவின் உலர்தாவரச் சேமிப்பகத்திலேயே 177 வருஷமாக வேறு பெயரில் கிடந்திருக்கிறது. கையில் அழுக்குப் படாதவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத் தாண்டிப்போன தாள். பெயர் வைத்தவர்களின் பட்டியலில் இப்போது ஒரு தோட்டக்காரரும் இருக்கிறார்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். தோட்டக்காரர் சம்பளம் அன்றும் குறைவு, இன்றும் குறைவு. லண்டன் வாடகையைக் கேட்டால் எந்தச் செடியின் லத்தீன் பெயரும் மறந்துபோகும். பெரிய டிப்ளமா வைத்திருப்பவரைப் பார்த்து, “புல் வெட்டுற வேலையா?” என்று கேட்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள்.

வருஷத்துக்கு ஒருமுறை கியூ மாணவர்கள் பழைய தோட்டக்காரர்களின் மரக்கட்டைச் செருப்பையும் ஏப்ரனையும் மாட்டிக்கொண்டு அகலப் பாதையில் ஓட்டப்பந்தயம் விடுகிறார்கள். கட்டை தரையில் படபடக்கிற சத்தம். பாதி பேர் சிரித்துக்கொண்டே கால் இடறுகிறார்கள். அந்தச் செருப்போடு நாளெல்லாம் நின்றவர்களுக்கு அது விளையாட்டில்லை.

பனை வீட்டுக் கிழட்டுச் செடி கியூவில் ஒரே ஒரு தடவை கூம்பு விட்டிருக்கிறது, 1819இல். வந்து சேர்ந்து 44 வருஷம் கழித்து. மாசன் அப்போது இல்லை. அவரை அனுப்பிவைத்த ஜோசப் பேங்க்ஸ் வயோதிகத்தில் பார்க்க வந்தார். மறு வருஷம் இறந்துபோனார். அதற்குப் பிறகு இன்றுவரை ஒன்றும் விடவில்லை. தண்ணீர் ஊற்றுகிறார்கள்.